செத்தவர் பக்கத்தில் கொஞ்சம் இடம்

காலையில் அக்காவின் போன் வந்ததிலிருந்து வசனத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. வசனம் என்பது அவளுடைய பெயரில்லை. வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழில் வசனம் எழுதுகிறவள் என்பதால் டப்பிங் ஸ்டுடியோவில் வாட்ச்மேன் முதற்கொண்டு எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வசனம் வந்தாச்சா, வசனம் சாப்பிட்டாச்சா என்று கேட்டுக் கேட்டு, இப்போதெல்லாம் சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் வேறு யாரையோ என்று பேசாமல் போய்விடுகிறாள்.

அக்கா சொன்னது என்னவோ நல்ல சேதிதான்.

"உன் தொடரை மத்தியானத்துலேர்ந்து சாயங்காலத்துக்கு மாத்திட்டாங்களாமே. அத்தை இப்பவே டிவி முன்னாடி நாற்காலியை இழுத்துப் போட்டாச்சு. கீழ்வீட்டுல போய், எங்க மருமகளோட தங்கச்சி எழுதினதுன்னு சொல்லிட்டும் வந்தாச்சு. நீயும் வந்துடு, சேர்ந்து பார்க்கலாம்."

"இன்னைக்கு எந்தக் கதை வருது?"

"அது எனக்கென்னடி தெரியும்? பேப்பர்ல போட்டிருக்கிற படத்துல ஒருத்தி கறுப்பு டிரஸ் போட்டுக்கிட்டு ஜன்னல் ஓரமா நிக்கிறா."

கறுப்பு டிரஸ் என்றதும் வசனத்துக்கு எந்தக் கதை என்று புரிந்துவிட்டது. வருகிறேன் என்றாளா, வரவில்லை என்றாளா என்பதுகூட அவளுக்கு ஞாபகமில்லை. போனை வைத்தவள் பல் தேய்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பல் தேய்த்தாள்.

அந்தக் கறுப்பு உடைக்காரியின் கதையைச் சொன்னால்தான் இவள் கதை விளங்கும். தொடரில் அவள் தன் பழைய முதலாளியின் சாவுக்குப் போகிறாள். அங்கே பேச வந்தவர் செத்தவரின் பெயரையே மாற்றிச் சொல்லிவிட, இவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அடக்க முடியவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அடுத்த காட்சியில் தோழியிடம் இதைச் சொல்லிக்கொண்டே எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறாள். அப்படி நின்றபடி ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்லைத்தான் சொல்கிறாள். மார்ட்டிஃபைடு. அதையே இன்னொரு தடவையும் சொல்கிறாள். பிறகு முதுகு மட்டும் வெகுநேரம் தெரிகிறது.

இந்தச் சொல்லுக்குத்தான் வசனம் ஒரு நாள் முழுக்க ஸ்டுடியோவில் மண்டையை உடைத்துக்கொண்டாள். முதலில் எழுதிக் கொடுத்ததை டப்பிங் டைரக்டர் படித்தார். கையில் கிடைத்ததையெல்லாம் வெட்டுவார் என்பதால் அவருக்குக் கத்தரி என்று பெயர்.

"நான் மிகுந்த அவமானத்துக்கு ஆளானேன். என்னம்மா இது? இவ என்ன கோர்ட்லயா நிக்கிறா?"

"சார், வெட்கமா இருந்துச்சுன்னு போடலாமா?"

"போடு. யாரையோ காதலிக்கிறான்னு நினைச்சுப்பாங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவமானம் என்றால் அதை யாராவது ஒருத்தர் செய்தாக வேண்டும். இங்கே யாரும் இவளை ஒன்றும் செய்யவில்லை, தானே தனக்குச் செய்துகொண்டது. கூச்சம் என்பது துளியூண்டு விஷயம். சங்கடம் வயிற்றுக்குக்கூட வரும். மானம் போயிற்று என்றால் ஏதோ திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி ஆகிவிடும். அகராதியைப் புரட்டினால் அது வேறு பயமுறுத்தியது. உடம்பு உயிரோடு இருக்கும்போதே அதில் ஒரு பக்கத்துச் சதை மட்டும் செத்துப்போவதற்கு அந்தக் காலத்து வைத்தியர்கள் வைத்திருந்த சொல்லாம் அது. இப்போது அந்த ஊர்க்காரர்கள் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டாலும், விருந்தாளி முன்னால் பிள்ளை ஏப்பம் விட்டாலும் அதையே சொல்கிறார்கள். இன்னொன்றையும் வசனம் கவனித்திருந்தாள். மானக்கேடு நடக்கிற நேரத்தில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. பிறகு, நம்பிக்கையான ஒருத்தரிடம் உட்கார்ந்து சொல்லும்போதுதான் அது வாயில் வருகிறது. கேட்க ஆளில்லாதவருக்கு அந்தச் சொல்லே தேவைப்படாது.

டப்பிங் வேலையில் எழுதுகிறவளுக்கு எஜமானன் நடிகையின் உதடு. அது மூடுகிற இடத்தில் இவளும் மூட வேண்டும், திறக்கிற இடத்தில் திறக்க வேண்டும். முகம் தெரிந்திருந்தால், 'மானமே போச்சு' என்று 'ம'வில் உதட்டை மூடிக் கதையை முடித்திருப்பாள். பாவி மகள் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். முதுகுக்கு உதடு கிடையாது. முதுகு தெரிகிற வரைக்கும் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்பது இந்தத் தொழிலில் எப்போதாவது கிடைக்கிற கொண்டாட்டம்.

கத்தரி கடிகாரத்தைப் பார்த்தார். குரல் கொடுக்கிற பெண்மணி, எல்லோருக்கும் குரலக்கா, மைக் முன்னால் நின்றுகொண்டு தொண்டையைக் கனைத்தாள். வசனம் பேனாவை எடுத்தாள். மேலே எதையும் யோசிக்காமல் எழுதி நீட்டினாள்.

குரலக்கா அதை வாசித்தாள். "கைக்குட்டையால மூஞ்சிய மூடிக்கிட்டேன். அழறேன்னு நினைச்சு எல்லாரும் என் முதுகைத் தடவிக் குடுக்கிறாங்க. செத்தவர் மட்டும் கொஞ்சம் தள்ளிப் படுத்திருந்தா, பக்கத்துல நானும் படுத்திருப்பேன்."

வாசித்து முடிப்பதற்குள் குரலக்காவுக்குச் சிரிப்பு வந்து டேக் வீணாயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினீயர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கத்தரி ஒரு எழுத்தைக்கூட வெட்டவில்லை. "எங்கேர்ந்தும்மா பிடிச்சே இதை?" என்று மட்டும் கேட்டார். வசனம் பெருமையாகச் சிரித்து வைத்தாள்.

பிடித்தது வேறெங்கிருந்தும் இல்லை, கூடப் பிறந்த அக்காவிடமிருந்துதான்.

போன வருஷம் அக்காவின் மாமனார் காலமானார். மனுஷனுக்குச் சட்டையில் ஒரு பொத்தான் இல்லையென்றால் அது பஸ் ஸ்டாப் வரைக்கும் தெரியும், அவ்வளவு குரல். வீட்டில் மற்றவர்கள் ஜாடையில் பேசிப் பழகிவிட்டார்கள். அவர் உடலைக் கிடத்தியிருக்கும்போது பழைய ஆபீஸ் நண்பர் ஒருத்தர் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாரையும் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன்" என்று ஆரம்பித்தார். அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. கூட்டம் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டு முதுகைத் தடவிக் கொடுத்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அதுவரை மருமகளை நிமிர்ந்தும் பார்க்காத மாமியார், அன்றிலிருந்து அவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்க ஆரம்பித்தார். அலமாரிச் சாவி கைக்கு வந்தது. தலை வலிக்கிறதா, படுத்துக்கொள் என்ற பேச்சு வந்தது. ஒவ்வொன்றும் அக்காவுக்கு ஊசியாகக் குத்தியது. "தன் புருஷனுக்காக மனசார அழுத ஒரே ஆள் நான்தான்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்கடி" என்று தங்கையின் அறையில் கட்டில்மேல் உட்கார்ந்து ஒரு நாள் எல்லாவற்றையும் கொட்டினாள். பாதி சிரிப்பு, பாதி அழுகை. செத்தவர் தள்ளிப் படுத்திருந்தால் என்ற வரியை அப்போதுதான் சொன்னாள். போகும்போது, "யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதே, அவர்கிட்டகூட நான் சொல்லலே" என்றாள். அவர் என்றது தன் புருஷனை.

வசனம் யாரிடமும் மூச்சு விடவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டாள், அவ்வளவுதான். மத்தியானத் தொடர், அக்கா வீட்டில் அந்த நேரத்துக்கு டிவியே போட மாட்டார்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லி அதை மறந்தும் போயிருந்தாள். இப்போது சாயங்காலம் அந்த வரி நடுவீட்டில் வந்து உட்காரப்போகிறது. மாமியார் சந்தேகப்படாவிட்டாலும் அக்காவின் முகம் காட்டிக்கொடுத்துவிடும். பொய் சொல்வதற்கான முகத்தை ஆண்டவன் அக்காவுக்குக் கொடுக்கவில்லை.

ஸ்டுடியோவுக்குப் போனதும் போகாததுமாகக் கத்தரியைப் பிடித்தாள்.

"சார், இன்னைக்கு வர்ற எபிசோட்ல ஒரு வரியை மாத்தணும்."

"எதை?"

"அந்தச் செத்தவர் வரியை."

சொந்த மூக்கை அறுத்துக்கொள்ளக் கத்தி கேட்டவளைப் பார்ப்பதுபோல் அவர் பார்த்தார். "நான் இந்தத் தொழிலுக்கு வந்ததுலேர்ந்து சேனல்காரங்க போன் பண்ணி நல்லா இருக்குன்னு சொன்னது ஒரே ஒரு வரிக்குத்தான். அதையா?"

"தப்பா எழுதிட்டேன் சார்."

"என்ன தப்பு?"

காரணத்தைச் சொன்னால் அக்காவை இன்னொரு தடவை விற்றதாக ஆகும். "சாவு வீடு பாருங்க, யாராவது மனசு புண்படும்" என்று இழுத்தாள். அவளுக்கே அது நொண்டிச் சாக்காகத்தான் கேட்டது. பக்கத்து அறையில் ஒரு கார்ட்டூன் முயலுக்காகக் கத்திக்கொண்டிருந்த குரலக்காவை வெளியே இழுத்து வந்து, "ரெண்டே வார்த்தைதான்க்கா, இப்பவே பேசிடலாம்" என்று கெஞ்சினாள். குரலக்காவும் சரி என்றாள். சவுண்ட் இன்ஜினீயரும் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார். கத்தரிதான் எதற்கும் கேட்டுவிடலாம் என்று சேனலுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அச்சச்சோ, அந்த வரியை மாத்திடாதீங்க சார்" என்றது மறுமுனையில் ஒரு பெண் குரல். "முன்னோட்டத்துலயே அதைத்தான் வெட்டிப் போட்டிருக்கோம். மத்தியானத்துலேர்ந்து ஓடும். யார் சார் எழுதினது?"

கத்தரி சிரித்துக்கொண்டே வசனத்தைப் பார்த்தார். அந்த நிலைமையிலும் அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதை நினைத்ததும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. கொடுத்த டீயைக் குடிக்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும் அவளால் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு போனை எடுத்தாள். எல்லாவற்றையும் இப்போதே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் எண்ணை அழுத்தினாள்.

"அக்கா, டிவி போட்டிருக்கீங்களா?"

"இல்லடி. கண்ணு வலிக்கும், சாயங்காலம் தெளிவாப் பார்க்கணும்னு அத்தை அணைச்சு வெச்சிருக்காங்க. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

"என்னடி, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"பஸ்ல இருக்கேன், அதான்."

போனை வைத்துவிட்டுத் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். அடுத்த நிறுத்தத்தில் மறுபடியும் எடுத்தாள், மறுபடியும் பைக்குள் போட்டாள். சொல்ல ஆயிரம் வழி இருந்தது. பிறருக்கு வாய் கொடுத்தே சம்பாதிக்கிறவளுக்குத் தன் வாயைத் திறக்கத் துணிச்சல் வரவில்லை.

அக்கா வீட்டில் அத்தான் வெளியூர் போயிருந்தார். அக்காவும் மாமியாரும் மட்டும் இருந்தார்கள். மாமியார் துவைத்து மடித்த புடவையில், வெளியே கிளம்புகிறவர்போல் தலைவாரி உட்கார்ந்திருந்தார். "வாம்மா, உன் பேரு மொதல்ல வருமா, கடைசியிலயா?" என்று கேட்டார். கடைசியில் வரும் என்றாள் வசனம். "அப்ப கடைசி வரைக்கும் பார்த்துட வேண்டியதுதான்" என்றார் அவர்.

வசனம் தண்ணீர் குடித்தாள். பால்கனிக்குப் போனாள், வந்தாள். கடைக்குப் போகலாமா என்று அக்காவைக் கேட்டாள். எல்லாம் இருக்கிறது என்றாள் அக்கா. புதுத்துணி வாங்கி வரலாமா என்றாள். மழை வரும்போல் இருக்கிறது என்றாள் அக்கா. டிவிக்குப் பின்னால் போய்த் தூசி இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் ஒயரைத் தொட்டும் பார்த்தாள். பிடுங்குவதற்குக் கை வந்தது. அதற்குள் மாமியார், "அதைத் தொடாதம்மா, ஷாக் அடிக்கும்" என்றுவிட்டார்.

"காலுல சக்கரமா கட்டியிருக்கே? ஒரு இடத்துல உட்காரேண்டி" என்றாள் அக்கா. "உன் எழுத்து வரப்போகுதுன்னு பதற்றமா?" என்று கேட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். பிடித்த கையை விடவும் இல்லை.

அக்கா, ஒரு நிமிஷம் உள்ளே வா என்று வசனம் வாயெடுத்தாள். மாமியார் ரிமோட்டை அழுத்திவிட்டார்.

கதை ஓடியது. கறுப்பு உடைக்காரி சாவு வீட்டுக்குப் போனாள். பேச வந்தவர் பெயரை மாற்றிச் சொன்னார். சிரிப்பு வந்த இடத்தில் அக்காவின் விரல்கள் லேசாக அசைந்தன. அப்புறம் அந்தப் பெண் தோழியிடம் சொல்லிக்கொண்டே எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பினாள். குரலக்கா அழகாகத்தான் பேசியிருந்தாள். கைக்குட்டை வந்தது. முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். செத்தவர் தள்ளிப் படுக்கவும் செய்தார்.

அக்காவின் கை தளர்ந்து மெல்ல விலகியது. வசனம் பக்கவாட்டில் பார்த்தாள். அக்காவின் முகம் காதுவரை சிவந்து, பிறகு வெளுத்தது. விளம்பரம் போட்டார்கள். சோப்பு ஒன்று நுரைத்துக்கொண்டிருந்தது.

மாமியார் டிவியைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்தார்.

"நீயும் கைக்குட்டைதானே வெச்சிருந்தே?" என்றார்.

அக்கா குனிந்துகொண்டாள்.

"அழறவளுக்கு மூக்கு ஒழுகும். உன் கைக்குட்டையை நான்தானே அன்னைக்குத் துவைச்சுப் போட்டேன். காய்ஞ்சு கிடந்துச்சு."

"அத்தை, நான் வேணும்னு சிரிக்கலை…"

"வேணும்னு யாரு சிரிப்பாங்க? யாரையும் அதிர்ந்து பேசாத மனுஷன்னு அந்த ஆபீஸ்காரர் சொன்னதும் எனக்கும் வாய் வரைக்கும் வந்துடுச்சு. நானும்தான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அத்தனை பேரும் ஆமாம், ஆமாம்னு தலையாட்டுறாங்க. இந்தக் காது ரெண்டும் இத்தனை வருஷமாப் பொய்யாவா கேட்டுச்சுன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. திரும்பினா நீ குலுங்கிக்கிட்டு இருக்கே. அப்பாடா, நான் கேட்டதை இன்னொருத்தியும் கேட்டிருக்கான்னு இருந்துச்சு." அவர் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டார். "அன்னைக்கு நீ அழுதிருந்தேன்னா உன்கிட்ட நான் பேசியே இருக்க மாட்டேன்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. இந்தத் தடவை மாமியாரும் மறைக்கவில்லை. பழைய கதவு திறக்கிற மாதிரி ஒரு சிரிப்பு அந்த அம்மாளிடமிருந்து வந்தது. அப்புறம் இரண்டு பேரும் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பொத்தான் கதை வந்தது, குளியலறையில் துண்டு இல்லாத கதை வந்தது. இரண்டு பேருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. தொடர் முடிந்து வசனத்தின் பெயர் வந்துபோனதை யாரும் பார்க்கவில்லை.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வசனத்துக்கு உடம்பு லேசாயிற்று. காலையிலிருந்து முதல் தடவையாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். கெட்டதே நடக்கவில்லை, சொல்லப்போனால் நல்லதுதான் நடந்திருக்கிறது என்று கணக்குப் போட்டாள். தான் எழுதியதால்தானே இரண்டு பேரும் மனசு விட்டுச் சிரித்தார்கள் என்றுகூட ஒரு எண்ணம் வந்தது. மாமியார் மாத்திரை போட்டுக்கொள்ள உள்ளே போனதும், அக்காவின் பின்னாலேயே சமையலறைக்குப் போனாள்.

அக்கா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கோவமா?"

"இல்லடி."

"அன்னைக்கு ஒண்ணும் தோணலே. டைரக்டர் அவசரப்படுத்தினார், கை தானா எழுதிடுச்சு. காலையிலேர்ந்து மாத்தப் பார்த்தேன், முடியலே. ஆனா பாரு, அத்தை எப்படிச் சிரிச்சாங்க. எல்லாம் நல்லதுக்குத்தான் ஆச்சு."

"நல்லதாத்தான் ஆச்சு. வரியும் நல்லா இருந்துச்சு. நான் சொன்னதைவிட அந்தப் பொண்ணு நல்லாச் சொன்னா." அக்கா குழாயை மூடினாள். குரலில் கோபமில்லை, அதுதான் வசனத்துக்குப் பயமாக இருந்தது. "அன்னைக்கு உன் கட்டில்ல உட்கார்ந்து சொன்னேனே, என் கையைப் பிடிச்சுக்கிட்டு 'ம், சொல்லு, அப்புறம்'னு கேட்டுக்கிட்டு இருந்தே. 'செத்தவர் தள்ளிப் படுத்திருந்தா' அப்படின்னு நான் சொன்னப்ப, 'என்ன சொன்னே, திரும்பச் சொல்லு'ன்னே. ஞாபகம் இருக்கா?"

வசனத்துக்கு ஞாபகம் இருந்தது.

"நான் அழுததால உனக்குச் சரியாக் காதுல விழலைன்னு நினைச்சு, திரும்பச் சொன்னேன்."

அன்றைக்கு அது முதல் தடவையே நன்றாகக் காதில் விழுந்திருந்தது, வரி நன்றாக இருந்ததால்தான் திரும்பக் கேட்டிருந்தாள். உள்ளங்காலிலிருந்து வசனத்துக்கு உடம்பு மரத்துக்கொண்டு வந்தது. எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் அக்கா மட்டும்தான் நின்றாள். அவளைத் தொடக் கை எழவில்லை.

அக்கா கடைசி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டாள். "சரி, நேரமாச்சு. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, தட்டுகளை எடுத்துக்கொண்டு மாமியார் இருந்த பக்கம் போனாள்.